ஒரே நோட்டில் இரண்டு கணக்கு

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "பகை நாட்டோடும் கணக்கு வைக்க வேண்டும், நட்பு நாட்டோடும் கணக்கு வைக்க வேண்டும், இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் குழப்பம்தான்." நாடுகள் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒன்றுக்கொன்று பதில் செய்வதைத்தான் கணக்கு என்றேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை மேசையை நிறைத்துவிட்டன. 31 வருடம் கல்லூரியில் சர்வதேச உறவுகள் பாடம் நடத்தியவள் நான். ஒரே கேள்வியை ஒன்பது விதமாகக் கேட்டாலும் எனக்குச் சலிக்காது, அச்சுக்கோப்பவருக்குத்தான் சலிக்கும். எனவே சில கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கே: "பதிலுக்குப் பதில்" என்பது பழிவாங்குவதற்குப் படித்தவர்கள் வைத்த நாகரிகப் பெயர்தானே? (முதுகலை மாணவி)

பழிவாங்குகிறவருக்கு எதிராளிக்கு வலித்தால் போதும், கதை முடிந்தது. பதிலுக்குப் பதில் கொடுப்பவர் எதிராளியின் அடுத்த அடியைப் பற்றி யோசிக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

1980 வாக்கில் ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ஒரு கணினிப் போட்டி நடத்தினார். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேர். ஒத்துழைக்கலாம், அல்லது காலை வாரலாம். அதே இருவர் 200 சுற்று ஆட வேண்டும். நிபுணர்கள் 14 நிரல்கள் அனுப்பினார்கள். ஜெயித்தது அவற்றிலேயே மிகச் சிறியது, அனட்டோல் ராப்பபோர்ட் அனுப்பியது. முதல் சுற்றில் ஒத்துழை. அதன் பிறகு எதிராளி போன சுற்றில் என்ன செய்தானோ அதையே செய். அவ்வளவுதான். முடிவை எல்லோருக்கும் சொல்லிவிட்டு மறுபடி போட்டி வைத்தார்கள். இந்த முறை 62 நிரல்கள் வந்தன. மறுபடியும் அதுவே முதலிடம்.

இதில் என் மாணவர்கள் நம்ப மறுக்கும் ஒரு சங்கதி உண்டு. அந்த நிரல் தனக்கு எதிரே உட்கார்ந்த எவரையும் ஒருமுறைகூடத் தோற்கடித்ததில்லை. தோற்கடிக்கவும் முடியாது, அது முதலில் காலை வாருவதே இல்லையே! எல்லா ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்தபோதுதான் முன்னால் நின்றது. பாதுகாப்புக் கொள்கையைக் கிரிக்கெட் ஸ்கோர் போலப் படிப்பவர்களுக்கு இது பிடிக்காது.

நானும் வகுப்பில் இந்த ஆட்டத்தை வைப்பேன். வெள்ளை அட்டை காட்டினால் ஒத்துழைப்பு, கறுப்பு அட்டை காட்டினால் துரோகம். ஒரு நாள் மின்சாரம் இல்லை, வகுப்பு மங்கலாக இருந்தது. ஒரு பெண் காட்டிய வெள்ளை அட்டையை எதிர் அணிப் பையன் கறுப்பு என்று எண்ணிவிட்டான். அடுத்த சுற்றில் அவன் கறுப்பு காட்டினான். அதற்கு அடுத்த சுற்றில் அவள் கறுப்பு, அவன் வெள்ளை. பிறகு அவள் வெள்ளை, அவன் கறுப்பு. மணி அடிக்கும் வரை ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. இருவருமே விதியை ஒழுங்காகப் பின்பற்றினார்கள். இருவருமே "நீதானே ஆரம்பித்தாய்" என்றார்கள். வகுப்பு முடிந்தும் பேசிக்கொள்ளாமல் போனார்கள் என்று ஞாபகம்.

நாடுகளுக்கு நடுவே அந்த மங்கல் வெளிச்சம் நிரந்தரம். ஒத்திகைக்குப் படையை நகர்த்தினால் படையெடுப்பு என்று படிக்கப்படும். ஆகவே நடைமுறையில் எடுபடுவது, எப்போதாவது ஓர் அடியைக் கண்டும் காணாமல் விடுகிற பதிலுக்குப் பதில்தான். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிவது தனிக் கலை. அதை எந்த நிரலும் சொல்லித் தராது.

கே: எதிரி செய்ததை அப்படியே, அதே அளவில் திருப்பிச் செய்தால் அதில் என்ன தப்பு? நியாயம்தானே? (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்)

வங்கிக்காரர் கேட்கிற கேள்வி! பற்றும் வரவும் சமமானால் கணக்கு நேராகிவிடும் என்று உங்களுக்குத் தோன்றும். 1942-இல் பிரிட்டனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த ஆகஸ்ட் 19 அன்று பிரெஞ்சுக் கடற்கரையிலுள்ள தியெப் நகரை நேசநாட்டுப் படைகள் தாக்கின. இறங்கியவர்களில் பெரும்பாலோர் கனடாக்காரர்கள். தாக்குதல் படுதோல்வி. விழுந்து கிடந்த காகிதங்களில், பிடிபடும் ஜெர்மானியர்களின் கையைக் கட்டவேண்டும் என்று ஓர் உத்தரவு ஜெர்மனிக்குக் கிடைத்தது. கைதிகள் ஆவணங்களை அழித்துவிடக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட உத்தரவு. அக்டோபர் தொடக்கத்தில் சார்க் என்ற குட்டித் தீவில் நடந்த சிறு தாக்குதலிலும் கை கட்டப்பட்ட ஜெர்மானியர்கள் இருந்தார்கள், சிலர் கொல்லவும்பட்டார்கள். ஹிட்லர் அரசு தன்னிடமிருந்த 1,376 போர்க்கைதிகளுக்கு விலங்கு மாட்டியது. சர்ச்சில் அரசு அதே எண்ணிக்கையில் ஜெர்மன் கைதிகளுக்கு விலங்கு மாட்ட முடிவெடுத்தது. எண்ணிக்கையில் ஒன்றுகூடப் பிசகக்கூடாதாம்.

ஜெர்மன் கைதிகளில் பலர் இருந்தது கனடாவில். ஒன்டாரியோ மாகாணத்தின் போமன்வில் முகாமில் அவர்கள் விலங்கை ஏற்க மறுத்துத் தடியும் கல்லுமாக நாள்கணக்கில் மோதினார்கள். தன் பையன்கள் ஜெர்மனியின் பிடியில் இருக்கையில் இந்த வேலையைத் தொடரக் கனடாவுக்கும் மனமில்லை. கைதிகளைப் பழிக்குப் பழி என்று தண்டிப்பதை 1929 ஜெனீவா ஒப்பந்தம் வெளிப்படையாகத் தடுத்திருந்தது. அதில் பிரிட்டனும் ஜெர்மனியும் கையெழுத்திட்டிருந்தன. கடைசியில் டிசம்பரிலேயே பிரிட்டன் தன் பக்கத்து விலங்குகளைக் கழற்றியது. ஜெர்மனி கழற்றியது எப்போது தெரியுமா? 1943 நவம்பரில். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து.

ஐயா, இங்கே கணக்கு எங்கே தவறியது? பதிலடி வலிக்கவேண்டியது ஹிட்லருக்கு. விலங்கு மாட்டப்பட்டதோ முகாமில் கிடந்த சிப்பாய்க்கு. ஹிட்லர் அந்தச் சிப்பாயின் மணிக்கட்டைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் இல்லை. இரக்கமில்லாத அரசோடு இரக்கத்தைப் பண்டமாற்று செய்யப் போனால் இழப்பு நம் பக்கம்தான். இதனால்தான் பிற்காலச் சட்டமும் இந்த இடத்தில் பதிலுக்குப் பதிலை ஒதுக்கி வைத்தது. ஒரு தரப்பு ஒப்பந்தத்தை மோசமாக மீறினால் மறு தரப்பும் விலகலாம் என்பது பொது விதி. ஆனால் மனிதர்களைக் காப்பதற்கான மனிதாபிமான ஒப்பந்தப் பிரிவுகளுக்கு அது செல்லாது என்று, ஒப்பந்தங்களுக்கான சர்வதேச விதிகளை வகுத்த 1969 வியன்னா உடன்படிக்கையின் 60-வது பிரிவு சொல்கிறது. எதிரி சித்திரவதை செய்தான் என்பது நாம் செய்ய உரிமைச்சீட்டு ஆகாது.

கே: தூதரக அதிகாரிகளை வெளியேற்றும்போது மட்டும் ஏன் எண்ணிக்கை அவ்வளவு துல்லியமாக இருக்கிறது? வேடிக்கையாக இருக்கிறது. (பெயர் வேண்டாம் என்றவர்)

வேடிக்கைதான், ஆனால் உபயோகமான வேடிக்கை. 2018-இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஒருவர் மீது நடந்த விஷத் தாக்குதலுக்குப் பின் பிரிட்டன் 23 ரஷ்ய அதிகாரிகளை வெளியேற்றியது. ரஷ்யாவும் 23 பேரை அனுப்பியது. அமெரிக்கா 60 என்றது; ரஷ்யாவும் 60. சியாட்டிலில் ரஷ்யத் துணைத் தூதரகம் மூடப்பட்டது; செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அமெரிக்காவினது மூடப்பட்டது. "இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்" என்று சொல்லாமல் சொல்வதற்கு ஒரே எண்ணைத் திருப்பிச் சொல்வதைவிடச் சுலபமான வழி இல்லை. ஒன்று கூட்டினால் சண்டையை வளர்ப்பதாக அர்த்தம். ஒன்று குறைத்தால் பயந்ததாக அர்த்தம்.

பதில் சொல்லாமல் விடுவதும் ஒரு நகர்வுதான். 2016 டிசம்பர் கடைசியில் ஒபாமா 35 ரஷ்யர்களை வெளியேற்றினார். எல்லோரும் மாஸ்கோவிலிருந்து 35 பேர் பெட்டி கட்டுவார்கள் என்று காத்திருக்க, புதின் யாரையும் அனுப்பப்போவதில்லை என்றார். அமெரிக்கத் தூதரகக் குழந்தைகளைக் கிரெம்ளின் பண்டிகை விழாவுக்கும் அழைத்தார். புதிய அதிபர் வரவிருந்தார். கடனை அவர் பேரில் எழுதி வைத்தார்கள். அது வசூலாகவில்லை என்று தெரிந்ததும், 2017 ஜூலையில் அமெரிக்கத் தூதரக ஊழியர் எண்ணிக்கையை 455-க்குக் குறைக்கச் சொன்னார்கள். அமெரிக்காவிலிருக்கும் ரஷ்ய ஊழியர்களுக்குச் சமமாம். தள்ளிப் போட்ட பதில் வட்டியோடு வரும்.

கே: முதலில் இறங்கி வருகிறவன் ஏமாளி இல்லையா? (பள்ளி ஆசிரியர்)

எதை இறக்கி வைக்கிறான் என்பதைப் பொறுத்தது. 1991 செப்டம்பர் 27 அன்று அமெரிக்க அதிபர் மூத்த புஷ் தொலைக்காட்சியில் தோன்றி, தரையிலிருந்து ஏவும் குறுகிய தூர அணு ஆயுதங்கள் எல்லாவற்றையும் உலகெங்கிலும் இருந்து திரும்பப் பெற்று அழிக்கப்போவதாகவும், போர்க்கப்பல்களிலிருந்து அந்த ரகத்தை இறக்கப்போவதாகவும் அறிவித்தார். பேச்சுவார்த்தை இல்லை, ஒப்பந்தம் இல்லை. அக்டோபர் 5 அன்று சோவியத் அதிபர் கோர்பச்சேவ் அதே தரத்தில் பதில் அறிவிப்பு செய்தார். எட்டே நாள்! வழக்கமான மேசையில் உட்கார்ந்திருந்தால், எதை எண்ணுவது என்று முடிவு செய்யவே எட்டு மாதம் போயிருக்கும்.

புஷ் ஏமாளியா? அவர் இறக்கி வைத்தவற்றில் பல, பனிப்போர் முடிந்த பின் அவருக்கே சுமையாகிப்போனவை. ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்திருந்தது. உடைந்துகொண்டிருந்த ஒரு நாட்டில் சின்னச் சின்ன அணுகுண்டுகள் சிதறிக் கிடப்பதுதான் அவருடைய உண்மையான பயம். தனக்கு அதிகம் தேவைப்படாததைக் கொடுத்து, தன்னைத் தூங்கவிடாததை வாங்கினார். கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்வேன். குறையும் உண்டு: சரிபார்ப்பு ஏற்பாடே கிடையாது. ரஷ்யா தன் சொல்லை முழுதாகக் காப்பாற்றவில்லை என்று பின்னாளில் அமெரிக்கா குற்றம்சாட்டியபோது, போய் எண்ணிப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை.

கே: கூட்டாளி நாடு தன் பங்கைத் தராமல் நம் தோளில் சவாரி செய்தால் கழற்றிவிடுவதுதானே முறை? (சிறுதொழில் நடத்தும் வாசகி)

இந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு நோட்டு என்றேன். எதிரியோடு வைப்பது ரொக்கக் கணக்கு: இன்றைக்கு இது, இன்றைக்கே அது. கூட்டாளியோடு வைப்பது நீண்ட காலக் கணக்கு. எப்போது, எந்த ரூபத்தில் திரும்பும் என்று எழுதிவைக்க முடியாது. ராபர்ட் கோஹேன் என்ற அறிஞர் 1986-இல் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். நான் நோட்டு என்று சொன்னது அவருக்குப் பிடித்திருக்குமோ என்னவோ.

அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மீது தாக்குதல் எல்லார் மீதும் தாக்குதல் என்கிற 5-வது பிரிவு 1949-இல் எழுதப்பட்டபோது, அமெரிக்கா ஐரோப்பாவைக் காப்பாற்றும் என்பதுதான் எல்லார் மனத்திலும் இருந்த படம். அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது ஒரே ஒரு தடவை, 2001 செப்டம்பர் 12 அன்று. தாக்கப்பட்டது அமெரிக்கா! அக்டோபரிலிருந்து அடுத்த மே வரை நேட்டோவின் ரேடார் விமானங்கள் அமெரிக்க வானத்தைக் காவல் காத்தன. அவற்றில் 13 நாட்டு விமானக் குழுவினர் இருந்தார்கள். பிறகு ஆப்கானிஸ்தான். அப்போது ஏறத்தாழ 55 லட்சம் மக்களே இருந்த டென்மார்க் அங்கே 40-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. இதை எந்தச் சதவீதத்தில் எழுதுவீர்கள்?

சதவீதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பல ஐரோப்பிய அரசுகள் வருடக்கணக்கில் பாதுகாப்புச் செலவைத் தட்டிக் கழித்தது நிஜம். 2014-இல் வேல்ஸ் மாநாட்டில் உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் என்று ஒப்புக்கொண்டும் பலர் மெத்தனமாக இருந்தார்கள். 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகுதான் வேகம் வந்தது. 2025-இல் ஹேக் மாநாட்டில் இலக்கு 2035-க்குள் 5 சதவீதம் என்று உயர்ந்தது. அமெரிக்காவின் நச்சரிப்பும் பலித்தது. ஆனால் "பணம் தராவிட்டால் வரமாட்டேன்" என்று கூட்டாளியிடம் உரக்கச் சொன்னால், அதைக் கூட்டாளி மட்டுமா கேட்கிறான்? எதிரியும் அதே அறையில்தான் இருக்கிறான்.

பங்கு என்றால் ஒரே பொருளாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. 1960-இல் கையெழுத்தான அமெரிக்க–ஜப்பான் ஒப்பந்தப்படி ஜப்பானைக் காப்பது அமெரிக்காவின் கடமை. அமெரிக்க மண்ணைக் காப்பது ஜப்பானின் கடமை இல்லை. அநியாயமாகத் தெரிகிறதா? அதே ஒப்பந்தத்தின் 6-வது பிரிவைப் படியுங்கள்: தளங்கள். ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள ஒகினாவா, அமெரிக்கப் படைகள் தனியாகப் பயன்படுத்தும் இடங்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தைச் சுமக்கிறது. விமான இரைச்சலைக் கேட்டுக்கொண்டு படுக்கிற ஒகினாவாக்காரர் தன் நாடு இலவசச் சவாரி செய்கிறது என்று சொன்னால் சிரிப்பார். அல்லது சிரிக்கமாட்டார்.

கே: பெரிய நாடு சின்ன நாட்டிடமும் சரிசமமாகப் பதில் கேட்க வேண்டுமா?

கேட்கக்கூடாது என்பதை ஒரு கொள்கையாகவே வைத்தவர் ஐ.கே.குஜ்ரால், 1996-இல் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது. வங்கதேசம், பூடான், மாலத்தீவு, நேபாளம், இலங்கை ஆகிய ஐந்திடமும் இந்தியா பிரதியுபகாரம் எதிர்பார்க்காது. நல்லெண்ணத்தோடு கொடுக்க முடிந்ததைக் கொடுக்கும் என்றார். பட்டியலில் யார் இல்லை என்று பாருங்கள்: பாகிஸ்தான் இல்லை, சீனா இல்லை. நோட்டைப் பிரித்து வைத்திருந்தார். 2015-இல் வங்கதேசத்தோடு எல்லைத் திட்டுகளை (ஒரு நாட்டுக்குள் சிக்கிக் கிடந்த மற்ற நாட்டின் துண்டு நிலங்களை) மாற்றிக்கொண்டபோது இந்தியா விட்டது 111 திட்டுகள், 17,160 ஏக்கர். பெற்றது 51 திட்டுகள், 7,110 ஏக்கர். ஏக்கரை மட்டும் எண்ணியவர்கள் கூச்சல் போட்டார்கள். பல பத்தாண்டுகளாக எந்த நாட்டுக் குடிமகன் என்றே தெரியாமல் கிடந்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அன்று ஒரு முகவரி கிடைத்தது.

கே: ரகசியமாகக் கொடுத்தால் அது பரிமாற்றக் கணக்கில் சேருமா? (மருத்துவர்)

சேரும், ஆனால் பாடம் தப்பாகப் பதிவாகும். 1962 அக்டோபர் 27 இரவு, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் வந்த நெருக்கடியின் உச்சத்தில், அமெரிக்க அதிபர் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்தார். துருக்கியிலிருக்கும் அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகள் சில மாதங்களில் போய்விடும், ஆனால் இது வெளியே வரக்கூடாது என்றார். மறுநாள் சோவியத் தலைவர் குருஷ்சேவ் இறங்கி வந்தார். 1963 ஏப்ரல் வாக்கில் ஜூபிடர்களும் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தன. உலகத்துக்குச் சொல்லப்பட்ட கதையோ, அமெரிக்கா உறுதியாக நின்றது, ரஷ்யா கண்ணிமைத்தது என்பது. கால் நூற்றாண்டுக்கு மேல் அதைத்தான் என் தலைமுறை படித்தது. நானே முதல் சில வருடங்கள் அப்படித்தான் நடத்தினேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

இன்னொரு பக்கம் துருக்கி. அந்த ஏவுகணைகள் நேட்டோ என்ற நோட்டில் எழுதப்பட்ட வாக்குறுதி. அதைக் கிழித்து மாஸ்கோவுக்குப் பணமாகக் கொடுத்தார்கள், துருக்கியைக் கேட்காமலே. உலகம் பிழைத்தது, நான் அதிபர் கென்னடியின் இடத்தில் இருந்தாலும் கொடுத்திருப்பேன். ஆனாலும் துருக்கிக்காரர் ஒருவர் இதைப் பற்றிக் கசப்பாகப் பேசினால் குறுக்கே பேசமாட்டேன்.

கே: எவ்வளவு சண்டை வந்தாலும் நிற்காமல் நடக்கிற பரிமாற்றம் ஏதாவது உண்டா?

இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் அணு நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்தன. அதன்படி 1992 முதல் ஜனவரி 1-ஆம் தேதி தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. கார்கில் போர் வந்தது, அதற்கடுத்த ஜனவரியிலும் மாற்றிக்கொண்டார்கள். 2002 புத்தாண்டில் இரு படைகளும் எல்லையில் முகத்துக்கு முகம் நின்றன, அன்றும் மாற்றிக்கொண்டார்கள். ஒரு காகிதத்துக்கு ஒரு காகிதம், ஒரே நாளில். என் ரொக்கக் கணக்கு நோட்டுக்கு இதைவிட நல்ல முதல் பக்கம் கிடைக்காது.

கே: சென்ற இதழில் நீங்கள் எழுதியது அபத்தம். ஓர் ஒப்பந்தத்தின் ஆண்டைக்கூடச் சரியாக எழுதத் தெரியாதவர் பாதுகாப்பைப் பற்றி எழுதலாமா? இதைப் பிரசுரிக்கத் துணிவு உண்டா? (சிவப்பு மையில், நான்கு பக்கம்)

பிரசுரித்துவிட்டேன். நடுத்தர தூர ஏவுகணை ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2018-இல் விலகியது என்று எழுதியது என் பிழை. அறிவிப்புதான் 2018 அக்டோபரில் வந்தது. விலகல் நடைமுறைக்கு வந்தது 2019 ஆகஸ்ட் 2. நீங்கள் சொன்னதே சரி, நன்றி. மீதி மூன்றரைப் பக்கத்துக்கு அதே பாணியில் பதில் எழுத எனக்கும் தெரியும். இந்த முறை கண்டும் காணாமல் விடுகிறேன். அடுத்த கடிதத்தை மட்டும் நீல மையில் எழுதுங்கள், என் கண்ணுக்குச் சிவப்பு ஒத்துக்கொள்வதில்லை.